கொடுத்த கையும் வாங்கிய முகமும்

 



ரமளான் பிறை கண்டதும், பெருநாள் நெருங்கியதும், பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்திலும் நம் வீடுகளிலிருந்து பணம் புறப்படுகிறது. துபாயிலிருந்து கீழக்கரைக்கு, கோலாலம்பூரிலிருந்து அதிராம்பட்டினத்துக்கு, சென்னை மண்ணடியிலிருந்து ஏதோ ஒரு கிராமத்துத் தெருவுக்கு. கணவரை இழந்த ராத்தாவுக்கு, தொழில் நொடித்த மச்சானுக்கு, நோயில் கிடக்கும் சாச்சாவுக்கு, பால்ய சிநேகிதனுக்கு என்று போகும் பணம் அது. கொடுக்கிற மனம் நம் சமுதாயத்தில் வற்றிவிடவில்லை, அல்ஹம்து லில்லாஹ்! வெளிநாடுகளில் உழைப்போர் இந்தியாவுக்கு அனுப்பிய தொகை 2022ஆம் ஆண்டில் நூறு பில்லியன் டாலரைத் தாண்டியதாக உலக வங்கி கணக்கிட்டது. சபர் போன நம் பிள்ளைகளின் வியர்வையும் அதில் கலந்திருக்கிறது.

எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்று நாம் யோசிக்கிறோம். ஆலிம்களிடம் மஸ்அலா கேட்கிறோம். ஆனால் எந்த வழியாகக் கொடுப்பது என்று யோசிப்பவர்கள் குறைவு. "போய்ச் சேர்ந்தால் சரி" என்று விட்டுவிடுகிறோம். போகிற வழியில் அந்தப் பணத்தை எத்தனை கண்கள் பார்க்கின்றன? வாங்குகிறவரின் பெயர் எத்தனை வாய்களில் விழுகிறது? இதுவும் மார்க்கம் நம்மைச் சிந்திக்கச் சொல்லும் விஷயம்தான். இம்மாதம் இதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மறைத்துக் கொடுப்பதன் மேன்மை

திருமறையின் அல்பகரா அத்தியாயம் 271ஆம் வசனத்தில், தருமங்களை வெளிப்படையாகச் செய்வதும் நல்லதே என்று கூறும் அல்லாஹ் தஆலா, அவற்றை மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது இன்னும் மேலானது என்று அறிவிக்கிறான். நிழலே இல்லாத மறுமை நாளில் அல்லாஹ்வின் நிழலில் இடம் பெறும் எழுவரைப் பற்றிய ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். வலக்கை கொடுத்ததை இடக்கை அறியாதபடி தருமம் செய்தவர் அவர்களில் ஒருவர் என்று அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது.

ஏன் மறைக்க வேண்டும்? முகஸ்துதி என்னும் நோய் கொடுப்பவரின் உள்ளத்தில் நுழையாமல் இருப்பதற்காக என்று உடனே பதில் சொல்லிவிடுவோம். அது சரியான பதில்தான். ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதி அதே அத்தியாயத்தில் இரண்டு வசனங்கள் தள்ளி, 273ஆம் வசனத்தில் இருக்கிறது. உதவிக்கு உரிய ஏழைகளை அங்கே இறைவன் அடையாளம் காட்டுகிறான். அவர்கள் மக்களிடம் வற்புறுத்திக் கேட்க மாட்டார்கள். அவர்கள் தன்மானத்தோடு ஒதுங்கி நிற்பதைக் கண்டு, விவரம் தெரியாதவன் அவர்களைச் செல்வர்கள் என்றே நினைத்துக்கொள்வான்.

சிந்தித்துப் பாருங்கள்! வறுமையின் மீது ஒருவர் தன்மானம் என்னும் போர்வையைப் போர்த்தியிருக்கிறார். அந்தப் போர்வையை இறைவன் தன் வேதத்திலேயே பாராட்டுகிறான். நாம் உதவி செய்கிறோம் என்ற பெயரில் அதைப் பிடித்து இழுத்துவிடலாமா? மறைவு என்பது கொடுக்கிற கையைக் காப்பதற்காக மட்டுமன்று. வாங்குகிறவரின் முகத்தைக் காப்பதற்காகவும்தான்.

உறவினர் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. ஏழைக்குக் கொடுப்பது தருமம் மட்டுமே. உறவினருக்குக் கொடுத்தால் அது தருமமும் உறவைச் சேர்ப்பதும் ஆகிய இரண்டும் என்னும் கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றதாகத் திர்மிதி முதலான நூல்களில் காண்கிறோம். அந்த இரண்டாம் பங்கு எப்போது கிடைக்கும்? உறவு சேர்ந்தால்தானே கிடைக்கும்! ஆயிரம் ரூபாய் அனுப்பி, அதைப் பத்துப் பேர் அறியச் செய்து, அந்தச் சொல் பொறுக்காமல் வாங்கியவர் நம் வீட்டு வாசலை மிதிக்காமல் போனால், பணம் போய்ச் சேர்ந்தது, உறவு அறுந்தது.

ரக்காவில் நடந்த சம்பவம்

ஹிஜ்ரி 181இல் மறைந்த மாபெரும் ஹதீஸ் மேதை அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்கள் மெர்வ் நகரத்தவர். வணிகத்தில் பொருள் ஈட்டி வாரி வழங்கியவர். அவர்கள் தர்ஸூஸ் எல்லைக்குப் போகும் வழியில் ரக்கா நகரத்துச் சத்திரம் ஒன்றில் தங்குவது வழக்கம். அங்கே ஓர் இளைஞர் வந்து அவர்களுக்குப் பணிவிடை செய்வார், ஹதீஸும் கேட்டுக்கொள்வார். ஒருமுறை அந்த இளைஞரைக் காணவில்லை. இமாம் அவர்கள் போர்ப்படையுடன் விரைந்து போக வேண்டியிருந்ததால் போய்விட்டார்கள். திரும்பி வந்ததும் விசாரித்தார்கள். கடனுக்காகச் சிறையில் இருக்கிறார் என்று சொன்னார்கள். கடன் பத்தாயிரம் திர்ஹம்.

இமாம் அவர்கள் சிறைக்குப் போகவில்லை. அந்த இளைஞரின் வீட்டுக்கும் போகவில்லை. கடன் கொடுத்தவர் யார் என்று தேடிப் பிடித்து, இரவு நேரத்தில் அவரை வரவழைத்து, பத்தாயிரத்தையும் நிறுத்துக் கொடுத்தார்கள். "நான் உயிரோடு இருக்கும்வரை இதை எவரிடமும் சொல்லக் கூடாது, விடிந்ததும் அவரை விடுவிக்க வேண்டும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். அந்த இரவே ஊரை விட்டும் புறப்பட்டார்கள்.

விடுதலையான இளைஞர், இமாம் வந்து தன்னை விசாரித்துவிட்டுப் போனதை அறிந்து, பின்னாலேயே ஓடி, இரண்டு மூன்று மன்ஸில் தொலைவில் அவர்களைச் சந்தித்தார். எங்கே இருந்தாய் என்று இமாம் கேட்டார்கள். கடனுக்காகச் சிறையில் இருந்தேன் என்றார். எப்படி வெளியே வந்தாய் என்று கேட்டார்கள். யாரோ ஒருவர் வந்து அடைத்துவிட்டார், அவர் யாரென்று எனக்குத் தெரியாது என்றார். அப்படியானால் அல்லாஹ்வைப் புகழ்வாயாக என்றார்கள் இமாம். அவ்வளவுதான்! இமாம் அவர்கள் மறைந்த பின்னரே கடன் கொடுத்தவர் வாய் திறந்தார். கதீப் அல்பக்தாதி அவர்களின் பக்தாத் வரலாற்றில் இந்தச் சம்பவம் பதிவாகியிருக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது தொகையின் பெருமையை அல்ல, வழியின் அழகை. பணம் அந்த இளைஞரின் கைக்கே போகவில்லை, கடன்காரரிடம் போனது. அறிய வேண்டியவர் ஒருவர்; அந்த ஒருவர் மட்டுமே அறிந்தார். அடுத்த முறை ஹதீஸ் கேட்க வந்தபோது அந்த இளைஞருக்குத் தலை குனிய வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. ஆசிரியர் மாணவர் என்ற உறவு எப்படி இருந்ததோ அப்படியே நிலைத்தது.

இன்று நம் கையிலும் இந்த வழி இருக்கிறது. ராத்தா வீட்டு மின்கட்டணத்தை இணைப்பு எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் கட்டிவிடலாம். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைப் பள்ளி அலுவலகத்திலேயே செலுத்தலாம். மருத்துவமனை பில்லை மருத்துவமனைக்கே அடைக்கலாம். மளிகைக் கடையில் பாக்கி நின்றால் கடைக்காரரிடம் தீர்த்துவிட்டு, வாயைத் திறக்காதீர் என்று கேட்டுக்கொள்ளலாம்.

கைப்பேசிக் காலத்துக் கண்கள்

தபால் இலாகா 1880இல் மணியார்டர் முறையைத் தொடங்கியது. நம் பாட்டனார் காலத்தில் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த பணத்தைத் தபால்காரர் திண்ணையில் வைத்து எண்ணிக் கொடுப்பார். கைநாட்டு வைப்பவராக இருந்தால் சாட்சிக் கையெழுத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரை அழைக்க வேண்டும். எவ்வளவு வந்தது என்று தெருவுக்கே தெரியும். அப்போது வேறு வழி இல்லை.

2016இல் யூபிஐ வந்தது. கைப்பேசியைத் தட்டினால் அடுத்த நொடி பணம் போய்ச் சேருகிறது. தபால்காரரும் இல்லை, சாட்சியும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து அனுப்புவோருக்கு வசதியாக, அந்நாட்டுப் பேநவ் முறையும் நம் யூபிஐயும் 2023 பிப்ரவரியில் இணைக்கப்பட்டன. மறைவாகக் கொடுக்க இதைவிட நல்ல வழி உண்டா என்று தோன்றும். உண்மையில், திண்ணையில் இருந்த கண்கள் இப்போது கைப்பேசிக்குள் வந்திருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால்தான் தவிர்க்க முடியும்.

முதலாவது, குறிப்பு எழுதும் கட்டம். பணம் அனுப்பும்போது கீழே சிறு குறிப்பு எழுத இடம் இருக்கிறது. நல்ல எண்ணத்தோடு 'ஜகாத்' என்றும் 'ஸதகா' என்றும் அதில் தட்டிவிடுகிறோம். பல வங்கிகளில் அந்தச் சொல் வாங்குபவரின் கணக்கு விவரத்தில் அப்படியே பதிந்துவிடும். நாளை அந்தத் தாளை அவர் கடன் கேட்கும் வங்கியில் காட்டுவார். மகனின் கல்லூரிச் சேர்க்கைக்குக் காட்டுவார். பார்ப்பவர் எல்லோரும் அந்தச் சொல்லைப் படிப்பார்கள். நம் நிய்யத்தை அல்லாஹ் அறிவான். அதை அச்சிட்டுக் கொடுக்க வேண்டிய தேவை இல்லை. 'குடும்பம்' என்று எழுதினால் போதும். எதுவும் எழுதாவிட்டால் அதைவிட நல்லது.

இரண்டாவது, படம் பிடித்து அனுப்பும் பழக்கம். இப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மூத்த காக்கா வெளிநாட்டில் இருக்கிறார். தங்கைக்குப் பத்தாயிரம் அனுப்புகிறார். அனுப்பிய ரசீதைப் படம் பிடித்து, அவளுக்கு மட்டும் அனுப்பாமல், நாற்பது பேர் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. போய்ச் சேர்ந்ததா என்று எல்லோரும் அறியட்டும் என்றுதான் போடுகிறார். அடுத்த வாரம் ஒரு நிக்காஹ் வீட்டில் தங்கை புதுச் சேலை கட்டி வருகிறாள். "காக்கா அனுப்பினாராமே!" என்று ஒரு மாமி சிரித்துக்கொண்டே கேட்கிறார். அவ்வளவுதான். அந்தச் சேலை அவள் உடலில் நெருப்பாகிவிடாதா? அடுத்த மாதம் அரிசி தீர்ந்தாலும் அவள் காக்காவிடம் சொல்ல மாட்டாள். சொல்லிக்காட்டுவதாலும் நோவினை செய்வதாலும் தருமத்தைப் பாழாக்காதீர்கள் என்று அல்பகரா 264ஆம் வசனம் எச்சரிக்கிறது. வழுவழுப்பான பாறை மேல் படிந்த மண்ணை மழை அடித்துக்கொண்டு போவதை அதற்கு உவமையாகக் காட்டுகிறது. காக்கா வாயால் சொல்லிக்காட்டவில்லை. ஆனால் அவர் அனுப்பிய படம் சொல்லிக்காட்டிவிட்டது. ரசீதை வாங்குபவருக்கு மட்டும் அனுப்பினால் போதாதா?

மூன்றாவது, உதவி கேட்டுச் சுற்றும் செய்திகள். நோயுற்ற பிள்ளையின் படம், தகப்பனார் பெயர், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஊர் ஊராகச் சுற்றவிடுகிறோம். பிள்ளை குணமான பின்பும் அந்தப் படம் சுற்றிக்கொண்டே இருக்கும். மோசடிக்காரர்களின் கையிலும் சிக்கும். முஹல்லாவில் நம்பிக்கையான இருவர் நேரில் போய் விசாரித்து, தெரிந்தவர்களிடம் வாய்மொழியாகச் சொல்லி, மருத்துவமனைக்கே கட்டிவிட்டால் அந்தக் குடும்பத்தின் மானம் வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

நான்காவது, எண்ணும் பெயரும். ஒருவரின் கைப்பேசி எண்ணைத் தட்டினாலே, அந்த எண்ணில் யூபிஐ வைத்திருப்பவரின் பெயர் திரையில் தெரிந்துவிடும். அனுப்பியவரின் பெயரும் வாங்குபவரின் கணக்கில் பதியும். ஆகவே, கொடுப்பவர் யாரென்றே வாங்குபவர் அறியக் கூடாது என்று விரும்புவோருக்கு இந்த வழி ஒத்துவராது. அவர்கள் நம்பிக்கையான ஒருவரை வகீலாக வைத்துக் கவரில் போட்டுக் கொடுப்பதே முறை. தங்கள் கைப்பேசி எண் எல்லோருக்கும் போக வேண்டாம் என்று எண்ணும் பெண்கள், எண் இல்லாத வேறொரு யூபிஐ முகவரியைச் செயலியில் அமைத்துக்கொள்ளலாம். 2022இல் வந்த யூபிஐ லைட் வழியாகச் சிறு தொகை அனுப்பினால், அது அனுப்புபவரின் பாஸ்புக்கில் ஒவ்வொரு வரியாகப் பதிவதில்லை. பாஸ்புக் கடைக் கணக்கப்பிள்ளையின் கைக்குப் போகிறவர்களுக்கு இது பயன்படும்.

வெளிநாட்டில் இருப்போர் அங்குள்ள செயலிகளின் அமைப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் வென்மோ என்றொரு செயலி இருக்கிறது. யார் யாருக்கு எதற்காகப் பணம் கொடுத்தார் என்பதை முன்பின் தெரியாதவர்களும் பார்க்கும் பொதுப் பட்டியல் ஒன்றை அது வைத்திருந்தது. 2021இல்தான் அந்தப் பட்டியலை நீக்கினார்கள். அப்படிப்பட்ட இடங்களில் 'எனக்கு மட்டும்' என்ற அமைப்பை நாமே தேடிப் போட வேண்டும்; கேட்காமலே யாரும் நம் வீட்டுக்குத் திரை போட்டுத் தரமாட்டார்கள்.

பிறர் வீட்டுக்குள் அனுமதியும் ஸலாமும் இன்றி நுழையாதீர்கள் என்பது அந்நூர் அத்தியாயத்தின் கட்டளை. அனுமதி கேட்கும் சட்டமே பார்வையின் காரணமாகத்தான் வகுக்கப்பட்டது என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஒருவரின் கணக்குப் புத்தகமும் அவருடைய வீட்டின் உள்ளறை போன்றதே.

பெண்களின் கணக்கு

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மனைவிக்கு அனுப்பும் பணம் மைத்துனரின் கணக்குக்குப் போகிறது, உம்மாவின் ஏ.டி.எம். கார்டும் ரகசிய எண்ணும் பேரனின் சட்டைப் பையில் இருக்கிறது. "அவங்களுக்கு என்ன தெரியும்?" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஆண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்குப் பங்கு, பெண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்குப் பங்கு என்று அந்நிஸா அத்தியாயம் 32ஆம் வசனம் பிரித்துச் சொல்லியிருக்கிறது. பெண்ணின் சொத்து பெண்ணுடையது. அவள் தன் பணத்திலிருந்து ஏழைத் தோழிக்கு இருநூறு ரூபாய் கொடுத்தால், அதை வீட்டு ஆண்கள் ஒவ்வொருவரும் கேள்வி கேட்கும் நிலை இருக்கலாகாது.

ஆகவே மனைவியின் பெயரிலும் உம்மாவின் பெயரிலும் தனிக் கணக்கு இருக்கட்டும். ரகசிய எண் அவர்கள் மனத்தில் மட்டும் இருக்கட்டும். கைப்பேசி பழகாத முதியவர்களுக்கு, 2018இல் தொடங்கிய தபால்துறைப் பேமெண்ட்ஸ் வங்கி மூலம், விரல் ரேகை வைத்துத் தபால்காரரிடமே வீட்டில் பணம் பெறும் வசதி இருக்கிறது. வாசலில் நிறுத்தாமல் உள்ளே அழைத்துப் பெற்றுக்கொண்டால், பாட்டனார் காலத்துத் திண்ணைக் கதை திரும்பாது.

மறைவுக்கும் எல்லை உண்டு

மறைவு நல்லது என்றால் எல்லோரிடமும் எல்லாவற்றையும் மறைக்கலாமா? இதற்கு அழகான விடை ஒரு ஹதீஸில் இருக்கிறது.

பெண்கள் தங்கள் நகைகளிலிருந்தேனும் தருமம் செய்ய வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியபோது, அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஜைனப் (ரலி) அவர்களுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. தம் கணவரே கை வறண்டவர். அவருக்கும், தம் பொறுப்பில் உள்ள அநாதைகளுக்கும் கொடுத்தால் தருமமாகுமா? கேட்கப் போனார்கள். வாசலில் இதே கேள்வியோடு ஓர் அன்ஸாரிப் பெண்மணியும் நின்றார்கள். பிலால் (ரலி) அவர்கள் வெளியே வந்தார்கள். கேள்வியைச் சொல்லி, நாங்கள் யாரென்று சொல்ல வேண்டாம் என்று இருவரும் கேட்டுக்கொண்டார்கள். பிலால் (ரலி) அவர்கள் உள்ளே போய்க் கேட்டார்கள். யார் அவர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். அன்ஸாரிப் பெண் ஒருவரும் ஜைனபும் என்றார்கள். எந்த ஜைனப் என்று மீண்டும் வினவவே, அப்துல்லாஹ்வின் மனைவி என்று சொன்னார்கள். உறவைச் சேர்த்த கூலி, தருமத்தின் கூலி ஆகிய இரண்டு கூலிகள் அவ்விருவருக்கும் உண்டு என்று பதில் கிடைத்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் வந்திருக்கும் செய்தி இது.

பாருங்கள், அந்த அம்மையார் மறைக்க விரும்பியதில் தம் பெயரோடு தம் கணவரின் வறுமையும் அடங்கியிருந்தது. அதை மார்க்கம் கண்டிக்கவில்லை. பிலால் (ரலி) அவர்களும் தாமாகச் சொல்லவில்லை. ஆனால் கேட்க உரிமையுள்ளவர் கேட்டபோது மறைக்கவில்லை. இதுவே அளவுகோல். உரிமையில்லாத கண்ணிடம் மறைப்பது மானம். உரிமையுள்ளவரிடம் மறைப்பது மோசடி.

இந்த அளவுகோலை வைத்தே உண்டியல் விஷயத்தையும் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் பணத்தைக் கொடுத்து வேறோரிடத்தில் பெறும் முறை இஸ்லாமிய வரலாற்றுக்குப் புதிதன்று. அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்கள் மக்காவில் மக்களிடம் திர்ஹம்களைப் பெற்றுக்கொண்டு, இராக்கில் இருந்த தம் சகோதரர் முஸ்அப் அவர்களுக்கு எழுதிக் கொடுப்பார்கள். மக்கள் அங்கே பெற்றுக்கொள்வார்கள். இதில் தவறில்லை என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கருதியதாக பிக்ஹு நூல்களில் இருக்கிறது. ஸுப்தஜா என்று அழைக்கப்பட்ட இதனைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. அதைக் காட்டி, இன்றைய உண்டியலுக்கு நியாயம் தேடுகிறார்கள் சிலர். அன்று எழுத்து இருந்தது. பெற்றவர் யார், கொடுப்பவர் யார் என்பது தெரிந்திருந்தது. இன்றைய உண்டியலில் சீட்டு இல்லை, பெயர் இல்லை. இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி அது சட்ட மீறல். நடுவில் இருப்பவன் கைவிரித்தால் கேட்க நாதியில்லை. எவருடைய தீய பணத்தோடு நம் ஹலாலான பணம் கலந்ததென்றும் தெரியாது. சில ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காக உம்மாவின் வீட்டு வாசலுக்கு விசாரணையை வரவழைக்கலாமா? வங்கியும், அரசு அனுமதி பெற்ற எக்ஸ்சேஞ்சும் விவரம் கேட்கத்தான் செய்யும். அது உரிமையுள்ள கேள்வி.

வரி விஷயமும் அப்படியே. சட்டம் உறவினர் என்று வரையறுத்தவர்கள் தரும் அன்பளிப்புக்கு வாங்குபவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. நண்பர்களிடமிருந்தும், அந்த வரையறைக்குள் வராத சாச்சா பிள்ளைகள் போன்றவர்களிடமிருந்தும் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் கணக்குக் காட்ட வேண்டும். பெரிய தொகை அனுப்புமுன் இதை வாங்குபவரிடம் சொல்லிவிடுவது நட்புக்கு அழகு.

கடனாகக் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள். அல்பகரா 282ஆம் வசனம், குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம், கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியதே. அண்ணன் தம்பி என்றாலும், சிநேகிதன் என்றாலும், தொகையும் தவணையும் தாளில் இருக்கட்டும். சாட்சிகள் இருவர் அறியட்டும். அதற்கு மேல் ஊர் அறிய வேண்டாம். வாய்மொழியாகக் கொடுத்துவிட்டு மௌத்தானவர்களின் வாரிசுகள் ஜமாஅத்தில் வழக்காடுவதை நாம் காணத்தானே செய்கிறோம்! அன்பளிப்புக்கு மௌனம், கடனுக்கு எழுத்து என்று நினைவில் வையுங்கள்.

ஜகாத்தை மறைக்கலாமா?

கடமையான ஜகாத்தை வெளிப்படையாகக் கொடுப்பதே சிறப்பு என்று உலமாப் பெருமக்களில் பலர் கூறியிருக்கிறார்களே என்று வாசகர்கள் கேட்கலாம். ஆம், கூறியிருக்கிறார்கள். மற்றவர்களுக்குத் தூண்டுதலாகவும், இவர் கடமையை விட்டவர் என்ற சந்தேகம் எழாமலும் இருக்க அது உதவும். இரவிலும் பகலிலும், இரகசியமாகவும் பகிரங்கமாகவும் செலவிடுவோரை 274ஆம் வசனம் புகழவே செய்கிறது. ஆனால் அங்கே வெளிப்படுவது எது? கொடுப்பவர் தம் கடமையை நிறைவேற்றுகிறார் என்பது. வாங்குபவரின் பெயரும் படமும் வெளிப்பட வேண்டும் என்று எந்த இமாமும் சொல்லவில்லை. "இவ்வாண்டு என் ஜகாத்தைக் கொடுத்துவிட்டேன், நீங்களும் கொடுங்கள்" என்று சொல்வது தூண்டுதல். "இன்னாருக்குக் கொடுத்தேன்" என்று சொல்வது அவருடைய மானத்தை விலை பேசுவது.

உரியவருக்குக் கொடுக்கும்போது இது ஜகாத் என்று அவரிடம் சொல்ல வேண்டுமா? இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களிடம் இது கேட்கப்பட்டது. அப்படிச் சொல்லி அவரை ஏன் குத்த வேண்டும், கொடுத்துவிட்டு வாய் மூடி இருக்கலாமே என்ற கருத்துப்பட அவர்கள் பதிலளித்ததை இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் அல்முக்னியில் எடுத்துரைக்கிறார்கள். கொடுப்பவரின் நிய்யத்தே வேண்டியது. ஆகவே தகுதியுள்ள சகோதரிக்கு ஜகாத்தை அனுப்பும்போது, "பிள்ளைங்களுக்குப் பெருநாள் துணி எடு தங்கச்சி" என்று சொன்னால் போதும். பெற்றோர், பிள்ளைகள், மனைவி போன்று நாம் பராமரிக்கக் கடமைப்பட்டவர்களுக்கு ஜகாத் கூடாது என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம். அவர்களுக்குக் கொடுப்பது நம் கடமைச் செலவு.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். உங்களுக்கு உதவியவர் மறைவை விரும்பினால் அவருடைய மறைவைக் காத்துக்கொடுங்கள். நன்றிப் பெருக்கில் அவர் பெயரைத் தெருவெங்கும் சொன்னால், நாளை நூறு பேர் அவர் வாசலில் நிற்பார்கள். ஒருவர் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாலே அது அமானிதம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததாக அபூதாவூத், திர்மிதி நூல்களில் வந்துள்ளது. யாரேனும் கேட்கிறார்களா என்று அவர் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வையே போதும். இரகசியம் என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. அவருக்காக இரவில் துஆச் செய்யுங்கள். அதை வேறெவரும் பார்க்க வேண்டியதில்லை.

அன்புடையீர்! அடுத்த முறை கைப்பேசியை எடுக்கும்போது ஒரு கணம் நிதானியுங்கள். இதை யார் யார் பார்ப்பார்கள்? அவர்களில் பார்க்க உரிமையுள்ளவர் யார்? உரிமையில்லாதவர் பார்க்காத வேறு வழி இருக்கிறதா? இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டு அனுப்பினால், நம் உதவி வாங்குபவரின் கைக்கும் போகும், அவருடைய முகமும் வாடாது. ஒரு முஸ்லிமின் குறையை இவ்வுலகில் மறைத்தவரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான் என்பது நாயக வாக்கின் கருத்து. நம் குறைகளோ கொஞ்சமல்ல!

எல்லாம் வல்ல ரஹ்மான், கொடுக்கும் கைகளுக்குப் பரக்கத்தையும், வாங்கும் முகங்களுக்குக் கண்ணியத்தையும், உறவுகளுக்கு நிலைபேற்றையும் தந்தருள்வானாக! நாம் மறைத்துக் கொடுத்தவற்றைத் தன்னிடம் மறையாமல் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.